ஏழு பிள்ளைகளுக்கு ஓர் அறை



ஓர் ஆசிரியரின் நினைவாக அவரிடம் படித்தவர்கள் பணம் சேர்த்து ஏற்படுத்திய அறக்கட்டளை இது. வருடத்துக்கு ஒருமுறை கல்வியைப் பற்றி யாரையாவது பேச அழைக்கிறார்கள். இந்த முறை என்னை அழைத்தார்கள். முப்பத்து நான்கு வருடம் கணிதம் படிப்பித்தவன் நான். கணிதக் கல்வியைப் பற்றிப் பேசுவேன் என்று நினைத்து வந்தவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். எங்கள் கரையோரப் பாடசாலைகளில் கூடி ஜெபிக்க விரும்பும் கிறிஸ்தவப் பிள்ளைகளைப் பற்றியே இன்று பேசப்போகிறேன். இருபது வருடத்துக்கு மேலாக என் நெஞ்சில் கிடக்கிற விஷயம் இது.

2003ஆம் ஆண்டு. யுத்தநிறுத்தம் நிலைத்திருந்த காலம். தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் படித்த ஓர் அரசாங்கப் பாடசாலையில் நான் கணித ஆசிரியர், ஒழுக்காற்றுப் பொறுப்பும் என்னிடம்தான். ஒரு நாள் இடைவேளை மணி அடித்த பிறகு சக ஆசிரியர் ஒருவர் வந்து, "சேர், விஞ்ஞானகூடத்துக்குப் பின்னால ஒரு கூட்டம் நடக்குது. கேக்க ஆளில்லையா?" என்றார். போய்ப் பார்த்தேன். வேப்பமரத்து நிழலில் ஏழு பிள்ளைகள், ஐந்து பெண், இரண்டு ஆண். எல்லாருக்கும் கண் மூடியிருந்தது. ஒரு பிள்ளை சாப்பாட்டுப் பெட்டியைக் கீழே வைக்கவும் மறந்து கையில் பிடித்துக்கொண்டு நின்றது. இயேசு தம் சீடர்களுக்குக் கற்பித்த ஜெபத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் சிலர் கத்தோலிக்கர், சிலர் மெதடிஸ்தர், இருவர் சுயாதீன சபையைச் சேர்ந்தவர்கள். ஜெபம் ஒன்றானாலும் சபைக்குச் சபை சொற்கள் வேறு. அந்தந்த இடம் வரும்போது குரல்கள் இரண்டாகப் பிரிந்தன, பிறகு தாமாகவே சேர்ந்துகொண்டன.

முடியும் வரை காத்திருந்தேன். முடிந்ததும், "பள்ளிக்கூடம் படிக்கிற இடம் மகள். ஜெபிக்கிறதெண்டா சேர்ச்சில ஜெபியுங்க. இனி இப்படிக் கூடப்படாது" என்றேன். மூத்த பிள்ளை ஒன்று, "சரி சேர்" என்றது. வேறொன்றும் சொல்லவில்லை. ஏழு பேரும் கலைந்து போனார்கள். போகிற அவசரத்தில் ஒரு கடதாசி கீழே விழுந்தது. எடுத்துப் பார்த்தேன். அந்த வருடம் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை எழுதவிருந்த மாணவர் பட்டியல். அறிவித்தல் பலகையில் நான் ஒட்டியிருந்ததைப் பென்சிலால் பார்த்து எழுதியிருந்தார்கள். முஹம்மது என்று தொடங்கும் பெயர்களும் பாத்திமா என்று தொடங்கும் பெயர்களும் சிவ என்று தொடங்கும் பெயர்களும் நான் ஒட்டிய வரிசையிலேயே இருந்தன. வரிசையில் பாதி வரைக்கும் பக்கத்தில் சிறு சரி அடையாளம் போடப்பட்டிருந்தது. அன்றன்றைக்கு யார் யாருக்காக ஜெபித்தார்கள் என்ற கணக்கு அது. மற்றப் பாதிக்கு நான் இடம் கொடுக்கவில்லை.

அன்று பகல் லுஹருக்கு வழக்கம்போல விஞ்ஞானகூடத்தின் களஞ்சிய அறைக்குப் போனேன். அந்த அறையின் சாவி என் மேசை லாச்சியில்தான் இருந்தது. அந்தப் பாடசாலைக்கு நான் இடமாற்றம் பெற்றுப் போன முதல் வாரமே, நான் வாய்திறந்து கேட்பதற்கு முன்பு, எங்கள் அதிபர் அந்தச் சாவியை என்னிடம் தந்திருந்தார். அவர் சைவர், நெற்றியில் திருநீறு இல்லாமல் அவரை நான் பார்த்ததில்லை. "சேர், பகல் தொழுகைக்கு உங்களுக்கு ஓரிடம் வேணும்தானே, அங்க ஒரு பாய் போட்டிருக்கிறன்" என்றார். அந்தப் பாயில் நின்று தக்பீர் கட்டியபோது என் கை நடுங்கியது. எனக்குக் கேட்காமலே கிடைத்த அறையின் சுவருக்கு அந்தப் பக்கம்தான் அந்தப் பிள்ளைகள் நின்றிருந்தார்கள்.

இதைத்தான் சொல்ல வந்தேன். கல்முனையிலிருந்து பொத்துவில் வரையான இந்தக் கரையில் முஸ்லிம்களாகிய நாம் பெரும்பான்மை. நாட்டில் நாம் சிறுபான்மை. சிறுபான்மையாக நின்று கொழும்பிடம் நாம் எதைக் கேட்கிறோமோ, அதை இங்கே நம்மிடையே வாழும் சின்னஞ்சிறு கூட்டத்துக்குக் கேட்காமலே கொடுக்க வேண்டியவர்கள் நாம்.

எவ்வளவு சின்னக் கூட்டம் என்று பாருங்கள். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி நாடு முழுவதும் கிறிஸ்தவர்கள் 7 வீதத்துக்குச் சற்று அதிகம். அம்பாறை மாவட்டத்தில் கத்தோலிக்கர், மற்றச் சபையார் எல்லாரையும் சேர்த்தும் நூறில் இரண்டு பேர் அளவுதான். சொறிக்கல்முனை திருச்சிலுவைத் திருத்தலத்தைச் சுற்றியும், கல்முனையிலும், தெற்கே திருக்கோவில் பக்கமும் சிதறி வாழ்பவர்கள். மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர் போன்ற ஊர்களில் வளர்ந்த நம் பிள்ளைகளில் பலர் ஒரு கிறிஸ்தவ நண்பன் இல்லாமலே பல்கலைக்கழகம் போய்விடுகிறார்கள்.

ஆனால் இந்தக் கரையின் கல்விச் சரித்திரத்தைத் திறந்தால் முதல் பக்கத்தில் அவர்கள்தான் இருக்கிறார்கள். 1814இல் வில்லியம் ஓல்ட் என்ற மெதடிஸ்த ஊழியர் மட்டக்களப்பில் வந்திறங்கினார். ஒரு வருடம்கூட முழுதாக வாழாமல் அங்கேயே இறந்துபோனார். அவர் தொடங்கிய பணியிலிருந்துதான் மட்டக்களப்பு மெதடிஸ்த மத்திய கல்லூரி வளர்ந்தது. அந்த வழி தெற்கே இறங்கிக் கல்முனைக்கு வந்தது. இன்று கல்முனை நகரில் வெஸ்லி உயர்தரப் பாடசாலையும் கார்மேல் பற்றிமாவும் நிற்கின்றன. இரண்டும் அரசாங்கத்தின் கையில் இருந்தாலும் பெயர்கள் பழைய கதையைச் சொல்கின்றன. கல்முனை ஸாஹிறா 1949இல்தான் வந்தது. அதற்கு முன்பு ஆங்கிலம் படிக்க ஆசைப்பட்ட முஸ்லிம் பிள்ளைக்கு மிஷன் பாடசாலையை விட்டால் வேறு வழி குறைவு.

காரைதீவில் 1892இல் பிறந்த மயில்வாகனம் என்ற சிறுவனும் கல்முனையின் மெதடிஸ்த பாடசாலையில் படித்துத்தான் மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரிக்குப் போனார். பிறகு யாழ்ப்பாணத்தில் புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்தார். ஒரு மெதடிஸ்த பாடசாலை, இரண்டு கத்தோலிக்கக் கல்லூரிகள். அவற்றைக் கடந்து வந்தவர் இராமகிருஷ்ண மிஷனில் துறவு பூண்டு சுவாமி விபுலானந்தர் ஆனார். கிறிஸ்தவ ஜெபம் தினமும் காதில் விழுந்த பாடசாலையில் படித்ததால் அவருடைய சைவம் தேய்ந்துபோகவில்லை. அடுத்தவன் ஜெபத்தைக் கேட்டாலே பிள்ளை கெட்டுவிடும் என்று பயப்படுகிறவர்களுக்கு நான் காரைதீவைத்தான் காட்டுவேன். அது கல்முனையிலிருந்து சைக்கிளில் போகிற தூரம்.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். 1942இல், உலக யுத்தத்தால் நாட்டில் உணவுத் தட்டுப்பாடு வந்த நேரம், கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக வந்தவர் ஏ.எம்.ஏ. அஸீஸ். யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்த முஸ்லிம். வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் படித்தவர். கல்முனையில் இருந்தபோதுதான் அவருக்கு விபுலானந்த அடிகளோடு நெருங்கிய பழக்கம் ஏற்பட்டது. கிழக்கு முஸ்லிம்களின் கல்விப் பின்தங்கலை இங்கே கண்ணால் கண்டு வருந்தியவர் பிறகு கொழும்பு ஸாஹிறாவின் அதிபராக இருந்து முஸ்லிம் கல்விக்கே வாழ்நாளைக் கொடுத்தார். இந்துப் பாடசாலையில் படித்த முஸ்லிமும் கிறிஸ்தவப் பாடசாலையில் படித்த சைவத் துறவியும் இந்தக் கரையில் உட்கார்ந்து தமிழைப் பற்றியும் கல்வியைப் பற்றியும் பேசியிருக்கிறார்கள். இந்த ஊர் தாங்கிக்கொண்டிருந்த அகலம் அது.

மிஷன் பாடசாலைகள் எல்லாவற்றையும் நான் புகழவில்லை. பாடசாலைக் கதவு வழியாக மதத்தைக் கொண்டுவந்தவர்கள் இருந்தார்கள். அந்தப் பயத்தில்தான் ஆறுமுக நாவலர் சைவப் பாடசாலை கட்டினார். அந்தப் பயத்தில்தான் நம்மவர்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பாமல் விட்டார்கள். அதைக் கண்டு கவலைப்பட்ட சித்தி லெப்பை, முஸ்லிம்களுக்கென்று பாடசாலைகள் எழும்ப முன்னின்றார். மானியம் பெறும் பாடசாலைகளுக்கு மனச்சாட்சி விதி என்று ஒன்று போடப்பட்டதும் இதனால்தான். பெற்றோர் விரும்பாவிட்டால் வேதபாட நேரத்தில் பிள்ளையை வெளியே விட வேண்டும் என்பது அதன் சாரம். என் வாப்பா அப்படி வெளியே விடப்பட்டவர். வேதபாட மணி அடித்ததும் சிலேற்றைத் தூக்கிக்கொண்டு மாமரத்தடிக்கு வந்துவிடுவார்களாம். "அந்த அரை மணித்தியாலத்திலதான்டா நாங்க கூட்டல் கழித்தல் படிச்ச" என்று சொல்லிச் சிரிப்பார். அந்த மாமரத்தடிக்கு வாப்பாவை அனுப்பிய சட்டமும், 2003இல் வேப்பமரத்தடியில் நின்ற பிள்ளைகளுக்கு வேண்டியிருந்த உரிமையும் ஒரே வேரிலிருந்து வந்தவை. பிள்ளையின் மனச்சாட்சிக்குப் பாடசாலை எஜமான் இல்லை என்பது அந்த வேர்.

1960க்கு வருகிறேன். அந்த வருடத்தின் 5ஆம் இலக்கச் சட்டத்தாலும் 1961இன் 8ஆம் இலக்கச் சட்டத்தாலும் உதவி பெற்ற தனியார் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது. கத்தோலிக்கப் பெற்றோர் பாடசாலைகளுக்குள் புகுந்து இரவு பகலாகக் குந்தியிருந்தார்கள். பம்பாயிலிருந்து கர்தினால் வலேரியன் கிரேஷியஸ் வந்து பேச்சுவார்த்தை நடத்தித்தான் அந்தக் கொதிப்பு அடங்கியது. அப்போது கல்வி அமைச்சர் பதியுதீன் மஹ்மூத், ஒரு முஸ்லிம். பாடசாலைகளைப் பொதுவாக்கியது சரி என்றே நான் நினைக்கிறேன். ஏழைப் பிள்ளைக்கு அதனால் கதவு திறந்தது. ஆனால் தாங்கள் காணி கொடுத்து, கல் சுமந்து கட்டிய பாடசாலையில் தங்கள் பிள்ளை ஜெபிக்க இடம் தேடி மரத்தடிக்குப் போகிறது என்றால் அந்தச் சமூகத்தின் நெஞ்சு எப்படி இருக்கும்? நம் ஊர்ப் பள்ளிவாசல் காணியை அரசாங்கம் எடுத்துப் பாடசாலை கட்டி, அதில் நம் பிள்ளை தொழக்கூடாது என்றால் நாம் எத்தனை மகஜர் எழுதியிருப்போம்!

சட்டம் என்ன சொல்கிறது? 1978 அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை சிந்தனைக்கும் மனச்சாட்சிக்கும் மதத்துக்கும் சுதந்திரம் தருகிறது. 14ஆம் உறுப்புரை, தனியாகவோ மற்றவரோடு சேர்ந்தோ, பகிரங்கமாகவோ அந்தரங்கமாகவோ வழிபடப் பிரசைக்கு உரிமை தருகிறது. மற்றவரோடு சேர்ந்து என்ற அந்தச் சொல்லைக் கவனியுங்கள். மதத்தைப் பரப்பும் உரிமை அரசியலமைப்பில் இல்லை என்று 2003இல் கத்தோலிக்க அருட்சகோதரிகளின் சபை ஒன்றைப் பற்றிய விடயத்தில் உயர் நீதிமன்றம் கருதியது. 2005இல் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு அந்தச் சகோதரிகளின் உரிமை மீறப்பட்டதாகவே முடிவு சொன்னது. அந்த விவாதம் இருக்கட்டும். மிகக் குறுகிய கருத்தை எடுத்தாலும், ஏழு பிள்ளைகள் இடைவேளையில் கூடி ஜெபிப்பது வழிபாடு. அது யாருக்கும் பரப்பப்படவில்லை.

பாடசாலையில் மதத்துக்கே இடமில்லை என்று சொல்ல முடியாத நாடும் இது. சமயம் நம் பிள்ளைகளுக்குக் கட்டாய பாடம். சாதாரண தரத்தில் பௌத்தம், சைவநெறி, இஸ்லாம், கத்தோலிக்கம், கிறிஸ்தவம் என்று ஐந்தில் ஒன்றை எழுதியே ஆக வேண்டும். காலைக் கூட்டத்தில் தேவாரம் பாடுகிறோம், கிராஅத் ஓதுகிறோம். வாணி விழா வைக்கிறோம், மீலாத் விழா வைக்கிறோம். நவம்பர் கடைசியில் ஒளி விழா வந்தால் கல்விப் பணிமனையிலிருந்து பிரதம விருந்தினர் வந்து மெழுகுவர்த்தி ஏற்றுகிறார், பிள்ளைகள் நத்தார்ப் பாட்டுப் பாடுகிறார்கள், நாம் எல்லாரும் கேக் சாப்பிடுகிறோம். மேடையில் பாடும்போது கைதட்டுகிற நாம், அதே பிள்ளைகள் மரத்தடியில் கண்மூடினால் ஏன் சந்தேகப்படுகிறோம்? விழா நமக்காக நடக்கிறது. ஜெபம் அவர்களுக்கும் ஆண்டவனுக்கும் இடையில் நடக்கிறது. நமக்கு விளங்காதது அங்கே நடக்கிறது என்பதால் பயம் வருகிறது.

சமய பாட நேரத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். வகுப்பில் இரண்டு கிறிஸ்தவப் பிள்ளைகள். கிறிஸ்தவத்துக்கு ஆசிரியர் இல்லை. சைவநெறி வகுப்பின் கடைசி வாங்கில் உட்காருகிறார்கள், அல்லது நூலகத்தில் போய்ப் பழைய பத்திரிகை புரட்டுகிறார்கள். ஞாயிறு பாடசாலையில் படித்ததை வைத்துக்கொண்டு பரீட்சை எழுதுகிறார்கள். அந்த ஞாயிறு காலையிலும் தரம் 11க்கு ரியூசன் வகுப்பு. எது வேண்டும் என்று பதினாறு வயதுப் பிள்ளை தெரிவு செய்ய வேண்டியிருக்கிறது. மௌலவி ஆசிரியர் நியமனம் தாமதமாகிறது என்று நாம் எத்தனை வருடமாகக் குரல் எழுப்புகிறோம்! நியாயமான குரல்தான். அந்தக் குரலில் இந்த இரண்டு பிள்ளைகளுக்காக ஒரு வரி சேர்த்தால் நம் கோரிக்கை இன்னும் நியாயமாகும்.

இப்போது நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிற சான்றுக்கு வருகிறேன். நஜ்ரானிலிருந்து கிறிஸ்தவத் தூதுக்குழு ஒன்று, அறுபது பேர், மதீனாவுக்கு வந்த வரலாற்றை இப்னு இஸ்ஹாக் பதிவு செய்திருக்கிறார். பேசவும் விவாதிக்கவும் வந்தவர்கள். ஈஸா நபியைப் பற்றிக் கடுமையான கருத்து வேறுபாடு இருந்தது. மஸ்ஜிதுந் நபவிக்குள் இருந்தபோது அவர்களுடைய தொழுகை நேரம் வந்தது. அவர்கள் எழுந்து நின்றார்கள். நபியவர்கள், அவர்களை விட்டுவிடுங்கள் என்று சொன்னார்கள். கிழக்கு நோக்கி நின்று அவர்கள் தங்கள் வணக்கத்தை முடித்தார்கள். நபியின் பள்ளிவாசலுக்குள் நடந்தது இது. கருத்து வேறுபாடு அதற்குப் பிறகும் தீரவில்லை. தீராவிட்டாலும் வணங்க இடம் கிடைத்தது. சூரத்துல் ஹஜ்ஜின் 40ஆம் வசனமும், அல்லாஹ்வின் பெயர் அதிகம் நினைவுகூரப்படும் இடங்களாக மடங்களையும் தேவாலயங்களையும் யூத ஆலயங்களையும் பள்ளிவாசல்களையும் ஒரே மூச்சில் சொல்கிறது. ஜும்ஆ மேடையில் இவற்றை நாம் பெருமையோடு சொல்கிறோம். நபியின் பள்ளிவாசலில் கிடைத்த இடம் விஞ்ஞானகூடத்தின் பின்சுவரோரத்தில் கிடைக்காமற்போனதற்கு மறுமையில் கேள்வி இருந்தால், 2003இன் பதிலை நான்தான் சொல்ல வேண்டும்.

"சேர், நீங்க சொல்றது சரி. ஆனா மதமாற்றம்?" என்று இந்த மண்டபத்திலேயே சிலர் மனதுக்குள் கேட்பது எனக்குக் கேட்கிறது. அந்தக் கேள்வியை நான் தட்டிவிட மாட்டேன். சுனாமிக்குப் பிறகு இந்தக் கரை பட்டது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். 2004 டிசம்பர் 26, நத்தாரின் மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. இந்த மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் போனார்கள். நிவாரணத்தோடு யார் யார் வருகிறார்கள், அரிசி மூட்டைக்குள் என்ன துண்டுப் பிரசுரம் இருக்கிறது என்ற சந்தேகம் அப்போது சைவருக்கும் இருந்தது, நமக்கும் இருந்தது. ஆதரவில்லாத பிள்ளையிடம் உதவியைக் காட்டி மதத்தைப் பேசுவது தவறு. யார் செய்தாலும் தவறு, நம்மவர் செய்தாலும் தவறு. ஆனால் வெளியிலிருந்து வரும் பெரியவர் ஒருவர் செய்வதற்கும், பாடசாலையில் படிக்கும் பிள்ளைகள் தாங்களே கூடுவதற்கும் இடையில் கோடு போட முடியும். உலகம் போட்டிருக்கிறது.

அமெரிக்காவில் 1962இல், நியூயோர்க் கல்வி அதிகாரிகள் எழுதிக் கொடுத்த 22 சொல் ஜெபத்தை அரசாங்கப் பாடசாலையில் ஓதுவிப்பது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே நீதிமன்றம் 1990இல், ஒமாஹா நகரில் கிறிஸ்தவ மாணவர் மன்றம் தொடங்கக் கேட்டு மறுக்கப்பட்ட ஒரு மாணவியின் பக்கம் நின்றது. 1984இல் இயற்றப்பட்ட சட்டம் அவளுக்குத் துணை. மற்ற மாணவர் மன்றங்களுக்கு இடம் கொடுக்கும் பாடசாலை சமய மன்றத்துக்கு மறுக்கக்கூடாது. ஆனால் அது பாட நேரத்துக்கு வெளியே, மாணவர் விருப்பத்தில் நடக்க வேண்டும். வெளியார் அதை நடத்தவோ வழக்கமாக வந்துபோகவோ கூடாது. அரசாங்கம் ஓதுவித்தால் தடை, பிள்ளை தானாக ஓதினால் உரிமை. ஒரு கிறிஸ்தவ மாணவி வாங்கித் தந்த அந்த வழியில் இன்று அங்கே முஸ்லிம் பிள்ளைகளும் மன்றம் வைத்துக் கூடுகிறார்கள்.

லண்டனில் நடந்தது இதற்கு மறுபக்கம். வெம்பிளியில் மைக்கேலா என்றொரு பாடசாலை, மாணவரில் ஏறக்குறையப் பாதிப் பேர் முஸ்லிம்கள். 2023 மார்ச்சில் சுமார் முப்பது பிள்ளைகள் இடைவேளையில் முற்றத்தில், தொழுகை விரிப்பு இல்லாமல் தங்கள் மேலங்கியை விரித்துத் தொழுதார்கள். பாடசாலை தடை போட்டது. ஒரு மாணவி வழக்குப் போட்டாள். 2024 ஏப்ரலில் நீதிமன்றம் தடை சரி என்றது. அந்தச் செய்தி வந்தபோது நம் ஊர்த் தேநீர்க் கடைகளில் எவ்வளவு கொதிப்பு! மேலங்கியை விரித்துத் தொழுத அந்தப் பிள்ளைகளுக்காக நம் கண் கலங்கியது. கையில் சாப்பாட்டுப் பெட்டியோடு நின்ற பிள்ளைக்காகவும் அந்தக் கண் கலங்க வேண்டும்.

வணக்கத்துக்கு இடம் மறுக்கப்படுவது என்ன என்று நமக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. 1990 ஓகஸ்டில் காத்தான்குடியில் தொழுகையில் நின்றவர்களைச் சுட்டார்கள். அதே மாதம் வீரமுனையில் தஞ்சமடைந்திருந்த தமிழர்களைக் கொன்றார்கள். 2018இல் திருகோணமலையில் அபாயா அணிந்து வந்த ஆசிரியைகளுக்கு எதிராக ஆர்ப்பாட்டம் நடந்தது. 2020 ஏப்ரலிலிருந்து 2021 பெப்ரவரி வரை, கொரோனாவைக் காரணம் காட்டி, நம் ஜனாஸாக்களைக் கட்டாயமாக எரித்தார்கள். இருபது நாள் குழந்தை எரிக்கப்பட்டபோது பொரளை மயானத்து வேலியில் வெள்ளைத் துணி கட்டியவர்களில் எல்லாச் சமயத்தவரும் இருந்தார்கள். அந்தத் துணியை நாம் மறக்கக்கூடாது.

2019 ஏப்ரல் 21. உயிர்த்த ஞாயிறு. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் ஞாயிறு பாடசாலை முடித்து வெளியே நின்ற பிள்ளைகள் தற்கொலைக் குண்டில் இறந்தார்கள். ஐந்து நாள் கழித்து, 26ஆம் திகதி இரவு, சாய்ந்தமருதில் அந்தக் குண்டுதாரிகளின் கூட்டத்தார் ஒளிந்திருந்த ஒரு வீடு வெடித்தது. அங்கே இறந்தவர்களிலும் பிள்ளைகள் இருந்தார்கள். அந்த வீட்டைப் பற்றிப் பொலிஸுக்குத் தகவல் கொடுத்தவர்கள் அந்த ஊர் மக்கள்தான் என்பதை நான் எங்கே போனாலும் சொல்வேன். ஆனாலும் ஜெபம் முடித்து நின்ற பிள்ளைகள் செத்தது நம் சமூகத்தின் பெயரைச் சொல்லிக்கொண்ட ஒருவன் கையால். அதற்குப் பிறகும் இந்தக் கரையில் ஒரு கிறிஸ்தவப் பிள்ளை பாடசாலைக்கு வந்து, முஸ்லிம் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கிறது. அந்தப் பிள்ளை நம் மேல் வைத்திருக்கிற நம்பிக்கைக்கு ஓர் அறை மிகச் சின்ன மறுமொழி.

செய்ய வேண்டியது பெரிய காரியம் ஒன்றுமில்லை. வாரத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ இடைவேளையில் ஒரு வகுப்பறையைத் திறந்து கொடுப்பது. மரத்தடியில் நின்றால் கூட்டம் என்பார்கள், அறைக்குள் அதிபரின் அனுமதியோடு இருந்தால் மன்றம் ஆகிவிடும். ஆசிரியர் ஒருவர் கூட இருக்கட்டும், ஆனால் ஜெபத்தை நடத்தக்கூடாது, பிள்ளைகளே நடத்தட்டும். போதகரோ பாதரோ சிஸ்டரோ ஒளி விழாவுக்கு வரட்டும், வாராந்த ஜெபத்துக்கு வர வேண்டாம். பரிசு, புத்தகம், தின்பண்டம் எதுவும் கொடுக்கக்கூடாது. வேறு சமயப் பிள்ளையை அழைக்கக்கூடாது, தானாக வந்தால் பெற்றோரின் கடிதம் இல்லாமல் உட்கார வைக்கக்கூடாது. தமிழ்ப் பாடசாலையில் படிக்கும் நாலைந்து முஸ்லிம் பிள்ளைகளின் லுஹருக்கும் இதே விதி. முஸ்லிம் பாடசாலையில் ஒரு சைவப் பிள்ளை வந்து சேர்ந்தாலும் இதே விதி. சமய பாடத்துக்கு, பக்கத்துப் பாடசாலைகள் மூன்று சேர்ந்து ஒரு கிறிஸ்தவ ஆசிரியரைப் பகிர்ந்துகொள்ள வலயக் கல்விப் பணிமனை ஒழுங்கு செய்யலாம். விஞ்ஞானத்துக்கும் ஆங்கிலத்துக்கும் ஆள் இல்லாத இடங்களில் அப்படிப் பகிர்ந்திருக்கிறோம்.

அந்தக் கடதாசி இன்னும் என்னிடம் இருக்கிறது. பென்சில் எழுத்து மங்கிவிட்டது. அந்தப் பிள்ளைகளை நான் பிறகு கூப்பிட்டுப் பேசவில்லை. பேசியிருக்க வேண்டும். வெட்கம் தடுத்தது. தவணை முடிந்தது, வருடம் முடிந்தது, அவர்களும் போய்விட்டார்கள். அவர்களில் யாராவது இதைப் படிக்க நேர்ந்தால், மகள், மகன், அன்று நான் செய்தது பிழை. இந்த மேடையில் எல்லாருக்கும் முன்னால் மன்னிப்புக் கேட்கிறேன்.

இந்த மண்டபத்தில் இன்று பணியில் இருக்கும் அதிபர்கள் பலர் இருக்கிறீர்கள். உங்கள் பாடசாலையில் எத்தனை கிறிஸ்தவப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று நாளைக்கு இடாப்பைப் பார்த்து எண்ணுங்கள். பெரும்பாலும் ஒரு கை விரலுக்குள் அடங்கிவிடும். அவர்களைக் கூப்பிட்டு, எங்களுக்கு ஓரிடம் வேண்டும் என்று அவர்கள் கேட்பதற்கு முன்பே, சாவியை அவர்கள் கையில் கொடுங்கள்.